திருவண்ணாமலை வட்டாரமும் புற்றுநோய்ச் செவிலியரும்: 1949 முதல் இன்றுவரை

1949 பிப்ரவரியில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில், ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கு அருகே இருந்த சிறு கட்டி ஒன்றை அகற்றினார்கள். சில வாரங்களில் மறுபடி வளர்ந்தது. மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் என மேலும் மூன்று அறுவைகள் நடந்தன. சென்னையிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது. நோய் சர்கோமா என்னும் சதைப்புற்று. கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை மகரிஷி ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உடல் நீத்தார்.

இந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றி எழுதியவர்கள் அறுவை நடந்த தேதிகளையும் மருத்துவர்களின் பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் புற்றுநோயாளியின் நாட்களில் பெரும்பகுதி அறுவைக்கும் அறுவைக்கும் இடையில்தான் கழிகிறது. புண்ணைக் கட்டுவது, இரத்தக் கசிவைக் கவனிப்பது, வலியின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பது எல்லாம் அங்கே ஆசிரம மருத்துவர்கள் மீதும் தொண்டர்கள் மீதும் விழுந்தன. அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் அன்றைய நாட்டில் அரிது. அந்த இடைவெளியை நிரப்பத் தமிழ்நாடு எடுத்துவைத்த அடிகளையும், எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பள்ளி தொடங்கியிருந்தார். 1946-ல் அது பட்டப்படிப்பு தரும் கல்லூரியாக உயர்ந்தது. சென்னையில் 1934-ல் பர்னார்டு கதிரியக்க நிலையம் வந்தது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தது. மறு ஆண்டு டாக்டர் வி. சாந்தா அங்கே சேர்ந்தார். கருவிகளும் மருத்துவர்களும் வந்த இந்த வரலாறு பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. செவிலியரின் பங்கைத் தனியே பிரித்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

வெளிநாடுகளில் செவிலியரின் அதிகாரம் இதே காலத்தில்தான் விரிந்தது. 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு, ஹென்றி சில்வர் என்ற மருத்துவருடன் சேர்ந்து, நோயாளியைத் தானே பரிசோதித்து முடிவெடுக்கும் செவிலியருக்கான பயிற்சியைத் தொடங்கினார். லண்டனில் 1967-ல் புனித கிறிஸ்டோஃபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராவதற்கு முன் செவிலியராக இருந்தவர். 2002-ல் சர்வதேச செவிலியர் மன்றம் உயர்நிலைச் செவிலியர் யார் என்பதற்கு வரையறை தந்தது: நிபுணத்துவ அறிவு, சிக்கலான முடிவுகளை எடுக்கும் திறன், விரிந்த பணி எல்லை மூன்றும் அதில் அடங்கும்.

அந்த வரையறை வெளியான நாட்களில், அந்தப் பெயரே இல்லாமல் அதற்கு நிகரான வேலை தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. இடம், திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ நல மையமும், பிரான்சின் லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து, கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பெரிய ஆய்வொன்றை நடத்தின. டாக்டர் ஆர். சங்கரநாராயணன் அதன் முதன்மை ஆய்வாளர். 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதித்தார்கள்.

அந்தச் சோதனை எளிமையானது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அமிலத்தை, பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவ வேண்டும். ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாறத் தொடங்கிய திசு வெளுத்துத் தெரியும். எது வெறும் அழற்சி, எது ஆபத்து என்று அந்த வெளுப்பின் விளிம்பைப் பார்த்தே சொல்லப் பழகியிருக்க வேண்டும். பல நூறு பேரைப் பார்த்த கண்ணுக்குத்தான் அது பிடிபடும். அம்பிளிக்கைச் செவிலியர்கள் அத்துடன் நிற்கவில்லை. சந்தேகமுள்ள பெண்ணை உருப்பெருக்கியில் பார்த்து, திசு எடுத்து, தகுதியானவருக்கு அதே வருகையிலேயே உறைகுளிர் சிகிச்சையும் தந்தார்கள். மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் இளகவிட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறையவைக்கும் முறை அது. வந்த பெண் இன்னொரு நாள் கூலியை இழந்து, இன்னொரு பேருந்து ஏறி வரவேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை.

2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை செய்த சோதனைக்குக் கிடைத்த பலன் இது. தமிழ்நாட்டுச் செவிலியர் வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. அதே 2007-ல் சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் தொடங்கியது. 2012 முதல் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் செய்யும் சோதனை அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஆய்வு திட்டமாக மாறியபோது ஒன்று கைநழுவிப்போனது. சோதிக்கும் வேலை செவிலியரிடம் தங்கியது; அடுத்த கட்டத்துக்குப் பெண்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. திருவண்ணாமலை மாவட்டத்துச் சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பெண் சோதனை முடிவோடு மலையிறங்கிப் போய்ச் சேர்வாளா என்பதை அவளுடைய குடும்பமும் கையிருப்பும்தான் தீர்மானிக்கின்றன. அம்பிளிக்கை ஆய்வின் உயிர்நாடி அந்த ஒரே வருகைதான். அதை விட்டுவிட்டுச் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டது பெரும் பிழை என்பது என் முடிவு.

வலி தணிப்பிலும் கதை இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், வீட்டுக்குப் போகும் செவிலியரை நடுவில் வைத்து வளர்ந்தது. 2008-ல் கேரளம் அதற்கென அரசுக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வலி தணிப்புச் செவிலியரை வீடுகளுக்கு அனுப்புகிறது. புற்றுப் புண்ணின் நாற்றம் தாளாமல் குடும்பமே வாசலுக்கு ஒதுங்கிய வீட்டில், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் சில நாட்களில் நாற்றம் அடங்கும். பேரப்பிள்ளை மறுபடி பக்கத்தில் வந்து உட்காரும். அதைக் கற்றுத்தருபவர் செவிலியர்தான். ஆனால் நள்ளிரவில் வலி கூடினால் மார்ஃபின் அளவை மாற்றி எழுத அவருக்கு உரிமை இல்லை. உகாண்டா 2004-லேயே சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெற்ற செவிலியர் மார்ஃபின் எழுதித்தர வழி செய்துவிட்டது. நம்மைவிட வசதி குறைந்த நாடு அது.

படிப்பின் நிலை என்ன? புற்றுநோய்ச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயம் இருக்கிறது. 2016-ல் இந்திய செவிலியர் மன்றம் தீவிர சிகிச்சைக்கும், பின்னர் பேறுகாலப் பராமரிப்புக்கும் உயர்நிலைச் செவிலியர் பயிற்சியை வகுத்தது. 1947-ன் மன்றச் சட்டத்தின் இடத்தில் 2023-ல் தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் வந்தது. படித்துவிட்டு வருபவருக்குத் தனிப் பணியிடமும் தனி அதிகாரமும் உண்டா என்ற கேள்விதான் எஞ்சி நிற்கிறது. கீமோ கொடுக்கப் பழகிய செவிலியர், இடமாறுதலில் பிரசவ வார்டுக்குப் போனால் அந்தத் திறமை அங்கேயே முடிந்துவிடுகிறது.

திருவண்ணாமலைக்கு 2013-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனாலும் மாவட்டத்தின் புற்றுநோயாளிகள் பலர் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள வேலூருக்கும், காஞ்சிபுரம் காரைப்பேட்டை அண்ணா நினைவு மருத்துவமனைக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும், அடையாறுக்கும் போகிறார்கள். அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அந்தப் பயணம் தவிர்க்க முடியாதது. இரண்டு கீமோவுக்கு நடுவில் வரும் காய்ச்சலைப் பார்க்கவும், புண்ணைக் கட்டவும், மாத்திரை அளவைச் சரிசெய்யவும் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. ஆரணி, போளூர், செங்கம், வந்தவாசி அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொன்றுக்கும் புற்றுநோய்ப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் நிலையான பணியிடத்தில் இருந்தால் போதும். உறைகுளிர் கருவியும், மருத்துவர் வகுத்த நெறிமுறைக்கு உட்பட்டு மார்ஃபின் அளவை மாற்றும் உரிமையும் அவர் கையில் இருக்க வேண்டும். உறைகுளிர் சிகிச்சையை அவரிடம் ஒப்படைக்கலாம் என்பதற்கான சான்றை அம்பிளிக்கைச் செவிலியர்கள் 2007-லேயே தந்துவிட்டார்கள். அந்தப் பணியிடத்துக்கான ஆணையைச் சுகாதாரத் துறை இனியும் தாமதிக்காமல் பிறப்பிக்க வேண்டும்.