காண்டாக் கம்பும் கருப்பையும்

"அடி இறங்கிப் போச்சு." தோட்டத்துப் பாட்டிமார் காதோடு காதாகச் சொல்லிக்கொண்ட வார்த்தை இது. கணவனிடம் சொல்ல மாட்டார்கள், ஆண் டாக்டரிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். கிழிந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் பால் மரம் சீவப் போய்விடுவார்கள். இன்று டாக்டர்கள் இதைக் கருப்பை இறக்கம் என்கிறார்கள். சில பெண்களுக்குக் கருப்பை இறங்கும், சிலருக்கு மூத்திரப் பையோ மலக்குடலோ பெண்ணுறுப்பின் சுவரைத் தள்ளிக்கொண்டு வரும்.

இது ஏன் வருகிறது? இடுப்பெலும்புக்குக் கீழே தூளித்துணி போல ஒரு தசைத்தளம் இருக்கிறது. கருப்பை, மூத்திரப் பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிரசவத்தில் அந்தத் தூளி நைந்துபோகிறது. அது தேறுவதற்குள் பாரம் தூக்கினால் என்ன ஆகும்? நாள்பட்ட இருமலும், மலச்சிக்கலில் முக்குவதும், உடல் பருமனும் அதே தூளியைத்தான் கீழே அழுத்துகின்றன. மாதவிடாய் நின்றபின் தசை இன்னும் தளர்கிறது.

நோய் புதிதல்ல, வைத்தியமும் புதிதல்ல. பழைய கிரேக்க நாட்டில் நோயாளிப் பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கினார்களாம்! மாதுளம்பழத்தைப் பாதியாக வெட்டி உள்ளே வைத்துத் தாங்கல் கொடுத்ததும் உண்டு. ஏணி போய்விட்டது, மாதுளம்பழம் வேறு உருவில் இன்னும் இருக்கிறது. இன்றைய மருத்துவமனைகளில் வைக்கும் சிலிக்கோன் வளையம் அதே யோசனைதான். 19-ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு ராணுவ அதிகாரி தூரே பிராண்ட் பெண்களுக்கு உடற்பயிற்சியும் பிடித்துவிடுதலும் கற்றுக்கொடுத்தார். 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னல்டு கெகல், மூத்திரத்தை அடக்குவது போல அடித்தசையைச் சுருக்கி விடும் பயிற்சியை எழுதி வெளியிட்டார். இன்றும் அவர் பெயரில்தான் அந்தப் பயிற்சி வழங்குகிறது.

நம் வீடுகளில் இருந்த வைத்தியம் ஓய்வு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு, பூண்டு, வெந்நீர்க் குளியல், வயிற்றுக்குத் துணிக்கட்டு. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணுக்கு 44 நாள் பந்தாங்கும் பெங்கோங் கட்டும். சீனப் பெண்ணுக்கு ஒரு மாதம். துணியை அளவுக்கு மீறி இறுக்கினால் அழுத்தம் கீழேதான் போகும் என்று இன்றைய உடலியக்க நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள், அது சரிதான். ஆனால் அந்தப் பத்தியத்தின் உயிர் துணியில் இல்லை. அந்த நாட்களில் அவளை யாரும் பாரம் தூக்க விடவில்லை என்பதில் இருந்தது.

அதைத்தான் தோட்டம் பறித்துக்கொண்டது. விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் மரமாகக் குனிந்தும் நிமிர்ந்தும் சீவல். மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டி, தோளில் சுமந்துகொண்டு மேடு பள்ளம் தாண்டி ஸ்டோருக்கு நடை. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். 1920-களின் இறுதியில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அந்த நாற்பதையும் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

1919-லேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உடன்படிக்கை போட்டது. அது ஆலைகளையும் வணிக நிறுவனங்களையும் பற்றியது. தோட்டத்து வேலை அதில் சேரவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது ஆர்.எச். நாதன் தலைமையில் வைக்கப்பட்ட கோரிக்கைகளில் மருத்துவ வசதியும் இருந்தது, பெண்களிடம் அத்துமீறுவது நிற்கவேண்டும் என்பதும் இருந்தது. பதில் என்ன தெரியுமா? மே மாதம் நாதன் கைது, பிறகு நாடு கடத்தல்.

மலாயாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் பிரசவ விடுப்பைத் தந்தது. அது 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரி 1-இல்தான். இடையில் எத்தனை தலைமுறை!

சரி, இறங்கியதை இயற்கையாகவே ஏற்றிவிட முடியுமா? இங்கேதான் கவனம் வேண்டும். பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் 447 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. நிபுணரிடம் நேரில் கற்று அடித்தசைப் பயிற்சி செய்தவர்களுக்கு ஓராண்டில் தொல்லை குறைந்திருந்தது. குறைந்தது என்றுதான் ஆய்வு சொல்கிறது, மறைந்தது என்று சொல்லவில்லை. கூன் போடாமல் நிமிர்ந்து நின்றால் வயிற்றின் பாரத்தில் ஒரு பங்கை முன் இடுப்பெலும்பு வாங்கிக்கொள்ளும். அதனால் இதமாக இருக்கலாம். நின்ற நிலை மட்டுமே குணமாக்கும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. மூச்சை வெளியே விட்டபடி, அடித்தசையைச் சுருக்கிக்கொண்டு தூக்கவேண்டும். நாற்காலிக் கழிவறையில் காலடியில் சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் முக்குவது குறையலாம். காய்கறி, கீரை, தண்ணீர்; இருமலுக்கு மருந்து.

சதை வெளியே தெரிந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ, ரத்தம் கண்டாலோ டாக்டரிடம் போவதுதான் முறை. வளையம் உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. பெண்ணுறுப்பு வழியாக வலை வைத்துத் தைக்கும் முறைக்கான வலைகளின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் நிறுத்தச் சொன்னது. ஆகவே, என்ன அறுவை, எதை வைப்பீர்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. காண்டாக் கம்பு இன்று அரிது. ஆனால் பிரிக்பீல்ட்சில் சொந்தமாகத் தோசைக்கடை போட்டிருக்கும் பெண்ணுக்கு 98 நாள் விடுப்பு தர முதலாளி யாரும் இல்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம் அவள் கடைக்கு வந்துவிடுகிறாள். நிரம்பிய மாவுப் பானையை அவளேதான் தூக்கவேண்டும்.