கலங்களை அழைத்த விளக்குகள்

ஒரு பொருளுக்கு இட்ட பெயரே அப்பொருளின் பயனையும் வரலாற்றையும் உணர்த்திவிடும் சொற்கள் தமிழில் பல உண்டு. 'கலங்கரை விளக்கம்' என்பது அவற்றுள் ஒன்று. கலம் என்பது மரக்கலம். கரைதல் என்பது அழைத்தல். காக்கை கரைகிறது என்று இன்றும் மக்கள் வழக்கில் நிலவும் அதே சொல்தான் இது. கலத்தைக் கரைந்து, அதாவது கூவி, அழைக்கும் விளக்கமே கலங்கரை விளக்கம். கடலின் கரையில் நிற்பதால் இப்பெயர் பெற்றது என்று சிலர் கருதுவர், அது பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காதுக்குக் கேட்கும் குரலாகக் கொண்டு பெயரிட்டவர்கள் பழந்தமிழர்.

இன்றைய கவியரங்குகளில் இச்சொல் அடிக்கடி ஒலிக்கிறது. தலைவரும் ஆசிரியரும் புரவலரும் வாழ்த்துப்பாக்களில் கலங்கரை விளக்கம் ஆகின்றனர். ஆனால் அந்த விளக்கு எங்கே நின்றது, எதைக் கொண்டு எரிந்தது, அதில் ஏறி நெருப்பிட்டவர் யார், இன்று எஞ்சியிருப்பது எது என்று கேட்பவர் சிலரே. உவமை வாழ்கிறது, உவமைக்கு உரிய பொருளோ கண்ணெதிரே அழிந்து வருகிறது.

சங்கப் பாட்டில் எழுந்த மாடம்

தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தைக் கூறுமிடத்தில் இவ்விளக்கத்தைக் காட்டுகிறது. அது வானளாவ உயர்ந்த மாடம், மேலே கூரை வேயப்படாதது, ஏணி சார்த்தி ஏற வேண்டியது, ஏறுதற்கு அரியது. இரவில் அதன் உச்சியில் மூட்டிய தீ, நடுக்கடலில் திசை தெரியாது ஓடும் கலங்களைத் துறைக்கு அழைத்தது. கூரை ஏன் இல்லை, ஏணி ஏன் உண்டு என்று எண்ணிப் பார்த்தால், புலவர் கற்பனையாகப் பாடவில்லை, கண்டதைப் பாடினார் என்பது விளங்கும். திறந்த வெளியில் விறகுத் தீ எரிய வேண்டுமாயின் கூரை ஆகாது. நாள்தோறும் எரிபொருள் ஏற்ற வேண்டுமாயின் ஏணி இன்றியமையாதது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலும் இவ்விளக்கம் இடம்பெறுகிறது. புகார்க் கடற்கரையில் இரவில் ஒளிர்ந்த விளக்குகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். அப்பம் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, மீன்பிடி படகுகளின் விளக்கு, வேற்றுநாட்டார் விளக்கு என்று நீளும் அவ்வரிசையில் கலங்கரை விளக்கமும் ஒன்று. அதற்கெனத் தனிச்சிறப்போ தனிப்பீடமோ தரப்படவில்லை. உழைப்போர் ஏற்றிய பல விளக்குகளுள் ஒன்றாகவே அது காட்டப்படுகிறது.

கடலில்லா ஊரும் கடலும்

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடல் இல்லை. தறியோசை நிறைந்த அம்மாபேட்டையிலிருந்து கிழக்குக் கடலைக் காண ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆயினும் உள்நாட்டார் எந்நாளும் கடலோடு உறவு கொண்டே வாழ்ந்தனர். அந்த உறவின் பெயர் உப்பு. உப்பு மூட்டைகளை ஏற்றிய வண்டிகளோடு நெய்தலிலிருந்து மருதத்துக்கும் முல்லைக்கும் நடந்த உமணரைச் சங்கப் பாடல்கள் பலபடக் காட்டுகின்றன. உமணர் வந்த வழியில் எதிர்நடை நடந்தால் கலங்கரை விளக்கங்களை அடையலாம்.

இன்று அந்த வழி எளிது. ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை என்று செல்லும் நெடுஞ்சாலை கிழக்கே கொண்டு சேர்க்கும். விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சென்றால், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1836ஆம் ஆண்டு ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. 1979இல் புதிய கோபுரம் எழுந்தபின் பழையதன் பணி முடிந்தது. கோபுரம் மட்டும் நினைவாக நிற்கிறது.

மாமல்லையும் சென்னையும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து வடக்கே திண்டிவனம், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேரலாம். அங்கே மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலே, பாறையின் உச்சியில், பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயில் உள்ளது. கோயிலாக எழுந்த அக்கட்டடத்தின் மேல்தளம் பிற்காலத்தில் விளக்கு மேடையாகவும் பயன்பட்டது. அருகிலேயே கருங்கல்லால் எழுப்பப்பட்ட வட்டக் கோபுரம் 1904 முதல் ஒளி தருகிறது. பாதுகாப்புக் கருதிச் சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்த அக்கோபுரம் 2011இல் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பல்லவன் கல்லும் ஆங்கிலேயன் கல்லும் ஒரே பாறையில் அருகருகே நின்று ஒரே கடலை நோக்கும் காட்சி அங்கே கிடைக்கிறது.

சென்னையின் விளக்கமோ மூன்று முறை இடம் மாறியது. 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல்தளத்தில், தேங்காய் எண்ணெய் ஊற்றிய திரிகளால் முதல் விளக்கு எரிந்தது. 1844இல் கோட்டைக்கு வடக்கே கிரேக்கப் பாணியில் அமைந்த உயரமான கருங்கல் தூணுக்கு விளக்கு மாறியது. அத்தூணை இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் காணலாம். 1894இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மிக உயர்ந்த குவிமாடமே விளக்கமாயிற்று. நீதி வழங்கும் மாளிகையின் முடியில் கடலோடிகளுக்கு வழிகாட்டும் ஒளி எண்பதாண்டுகளுக்கு மேல் எரிந்தது. 1977இல் மெரினாவில் எழுந்த முக்கோண வடிவக் கோபுரம் நான்காவது. ஏணி சார்த்தி ஏறிய காலம் போய், மின்தூக்கியில் ஏறிச் செல்லும் வசதி அங்கே உண்டு. மக்கள் பார்வைக்கு அது 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது.

விளக்கு எல்லோரையும் அழைக்கும். நண்பன் யார், பகைவன் யார் என்று பார்க்காது. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையை நெருங்கியபோது நகர விளக்குகள் அணைக்கப்படாமலே இருந்தன. துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் குண்டுகளால் தீப்பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் பதித்த கல்வெட்டு அந்நிகழ்வை இன்றும் சொல்கிறது. அழைக்கும் ஒளிக்கு உள்ள இடரும் அதுவே.

மனோராவும் கோடிக்கரையும்

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல், திருச்சி, தஞ்சை எனச் செல்லும் வழி சோழமண்டலக் கடலுக்கு இட்டுச்செல்லும். தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை கடந்து மல்லிப்பட்டினத்தருகே சென்றால் மனோராவைக் காணலாம். மினார் என்ற சொல்லே மனோரா எனத் திரிந்தது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைப் போற்றி, தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி எழுப்பிய எட்டு நிலை அறுகோணக் கோபுரம் அது. தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் கல்வெட்டு உண்டு. எங்கோ ஐரோப்பாவில் கிடைத்த வெற்றிக்குத் தமிழ்க் கடலோரத்தில் எழுந்த சின்னம், கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டதால் இம்மண்ணுக்கு உரியதாயிற்று.

தஞ்சையிலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாகச் சென்றால் வேதாரணியம். அதற்குத் தெற்கே கோடிக்கரை. இந்த வழி சேலத்தாருக்கும் நாமக்கல்லாருக்கும் புதிதன்று. சேலத்தில் வழக்கறிஞராய்த் தொழில் நடத்தி, அந்நகராட்சியின் தலைவராயும் விளங்கிய இராஜாஜி, 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பெடுத்தார். அந்த நடைப்பயணத்துக்கு வழிநடைப் பாட்டு எழுதித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. உமணர் கடலிலிருந்து உப்பைக் கொண்டுவந்தனர். இச்சமவெளியின் கவிஞரோ கடலுக்குப் பாட்டை அனுப்பினார்.

வேதாரணியம் விளக்கழகு என்பது சோழநாட்டு வழக்கு. கோயில் விளக்கின் நெய்யை உண்ண வந்து, அணையும் நிலையிலிருந்த திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்ட எலி, மறுபிறப்பில் மாவலி மன்னன் ஆயிற்று என்னும் தலபுராணக் கதையும் அவ்வூருக்கு உரியது. அறியாது தூண்டிய எலிக்கே அரசு கிடைக்குமாயின், அறிந்தே இரவெல்லாம் விழித்திருந்து விளக்குக் காத்தவருக்கு என்ன கிடைத்தது என்று வரலாற்றைக் கேட்கத் தோன்றும். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்லிலும் இடம்பெறவில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வன் புதினத்தில், கோடிக்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கரையும் அவர் மகள் பூங்குழலியையும் ஆசிரியர் கல்கி படைத்தார். வரலாறு விட்டுவைத்த வெற்றிடத்தைக் கற்பனை நிரப்பிற்று.

அக்கோடிக்கரையில் சோழர் காலத்தது எனப் போற்றப்பட்ட செங்கற் கோபுரம் ஒன்று, கடலலைக்கு அருகே, சிதைந்த நிலையில் நெடுங்காலம் நின்றிருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அது வீழ்ந்தது. இன்று வனவிலங்குப் புகலிடத்தின் ஊடே சென்று பார்ப்பவருக்கு எஞ்சிய செங்கற்களே காட்சி தருகின்றன. அருகே பின்னாளைய கோபுரங்கள் ஒளி வீசுகின்றன. கப்பல்களுக்குக் குறை இல்லை. குறை தமிழர் வரலாற்றுக்கே.

இன்னும் தெற்கே, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், 2022ஆம் ஆண்டு புதிய கலங்கரை விளக்கம் திறக்கப்பட்டது. மக்கள் திரும்பி வாழாத மண்ணுக்கு விளக்கு திரும்பிவிட்டது.

ஒளியின் சந்தம்

விறகும் எண்ணெயும் எரிந்த காலத்தில் ஒளி குறுகிய தொலைவே சென்றது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் வகுத்த அடுக்குக் கண்ணாடி வில்லை, 1823இல் பிரான்சு நாட்டுக் கோர்துவான் விளக்கத்தில் முதன்முதல் பொருத்தப்பட்டது. நாற்புறமும் சிதறும் ஒளியை ஒரே கற்றையாகத் திரட்டித் தொலைதூரம் செலுத்தும் அமைப்பு அது. பின்னர் ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனி மின்னல் முறை வகுக்கப்பட்டது. இத்தனை நொடிக்கு இத்தனை மின்னல் என்னும் கணக்கைக் கொண்டு, இது எந்த ஊர் என்பதைக் கடலோடி வரைபடத்தில் அறிந்துகொள்வார். சீரும் தளையும் கண்டு பாவின் வகையை அறிவது போன்ற கலை இது. ஒரு கோபுரத்தின் சந்தம் பக்கத்துக் கோபுரத்துக்கு வாராது.

பாறையும் தீவும் மலிந்த நார்வே நாட்டுக் கடலோரம் இத்துறையில் பெயர் பெற்றது. அந்நாட்டின் தென்முனையான லிண்டெஸ்னெசில் 1656இல் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. இன்று அதுவரை சாலை செல்கிறது, அருங்காட்சியகமும் உண்டு. வெளித்தீவுகளில் நிற்கும் பல விளக்கங்களைப் படகிலன்றி அடைய இயலாது. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே விளக்குகள் யாவும் தானாக இயங்கத் தொடங்கின. காவலர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல இப்போது விருந்தினர் தங்கும் இடங்களாகிவிட்டன. விளக்குக் காவலர் வாழ்ந்த வாழ்வையும் போற்றத்தக்க மரபாக அந்நாட்டார் கருதுகின்றனர்.

எஞ்சியவற்றுக்கு ஒரு வேண்டுகோள்

செய்தி ஒன்று தெளிவாகிறது. மாமல்லையில் பழைய விளக்கு மேடை கோயிலாதலின் காக்கப்பட்டது. சென்னையின் கருங்கல் தூண் நீதிமன்ற வளாகத்துள் அமைந்ததால் பிழைத்தது. மனோரா மன்னர் நினைவாதலின் நிலைத்தது. கோடிக்கரைச் செங்கற் கோபுரமோ விளக்கமாக மட்டுமே நின்றது. அதற்கு வேறு பெருமை இல்லை. அதனால் கேட்பாரற்று வீழ்ந்தது. விளக்கம் என்பதே போதிய பெருமை என்று நினையாத பிழையின் விலை அது.

1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்கு மாற்றாக 2021இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், பழைய விளக்கங்களை மரபுச் சின்னங்களாக அறிவிக்க வழி செய்கிறது. சட்டம் வழியைத் திறக்கும். நடக்க வேண்டியவர் மக்கள். கடலோர ஊரார் மட்டுமன்றி உள்நாட்டு இலக்கிய அமைப்புகளும் இதில் பங்கு கொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை ஒரு விளக்கத்தைக் காணச் செல்வதும், ஏறிப் பார்ப்பதும், அங்குக் காவல் புரிந்த குடும்பங்களைத் தேடி அவர்தம் நினைவுகளை எழுதி வைப்பதும் பெரும்பொருள் வேண்டாப் பணிகள். அவற்றைச் செய்தபின் கவிஞர் ஒருவரைக் கலங்கரை விளக்கம் என்று பாடினால், அச்சொல்லில் விறகின் வெம்மையும் எண்ணெயின் மணமும் ஏணியில் ஏறியவரின் மூச்சும் கலந்திருக்கும்.