நெகிழ்ந்த கூலியும் மெலிந்த தோளும்
நெகிரி செம்பிலான் தோட்டங்களின் தொழிலுறவு வரலாறு

நெகிழ்தல் என்பது தமிழில் பழஞ்சொல். தலைவன் பிரிந்தான், தலைவியின் தோள் மெலிந்தது, கைவளை நெகிழ்ந்தது. சங்க அகப்பாடல்களைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. வளை நெகிழ்வதற்குக் காரணம் வளையில் இல்லை, தோளில் இருக்கிறது என்பதே அப்பாடல்களின் குறிப்பு.

இக்காலப் பொருளியலாரும் ‘தொழிற்சந்தையின் நெகிழ்வு’ என்று ஒன்றைப் பேசுகின்றனர். வேண்டும்போது ஆளைச் சேர்க்கவும், வேண்டாதபோது விலக்கவும், விலைக்கேற்பக் கூலியை ஏற்றவும் இறக்கவும் முதலாளிக்குத் தடையில்லாத நிலையே அது. உலகச் சந்தையில் ஏறியும் இறங்கியும் வரும் விலையை நம்பி நடக்கும் தொழிலில் கூலி மட்டும் அசையாது நின்றால் தொழிலே முறிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் இந்நெகிழ்வு இன்று தோன்றிய புதுமையன்று. நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்கள் நூறாண்டுக்கு மேலாக அதனை அறிந்தவை. அங்கே நெகிழ்ந்தது எது, மெலிந்தது யார் தோள் என்பதை வரலாறு காட்டுகிறது.

கங்காணியும் கப்பலும்

சிரம்பானையும் போர்ட் டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. அதனை ஒட்டிய பகுதிகளில் முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் பயிராயின. லாபு, ரந்தாவ், சிலியாவ், ரெம்பாவ், தம்பின், பஹாவ் எனப் பால்மரக்காடுகள் பரந்தன. காட்டை அழிக்கவும், மரம் நடவும், பால் வெட்டவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்தனர்.

முதலில் இருந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலாயாவில் விலக்கப்பட்டது. அதற்குள் கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்துத் துரை தரும் உரிமத்துடன் கங்காணி தன் ஊருக்குப் போய், உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவான். அவன் அழைத்து வந்தவர் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே, விடியுமுன் பெரட்டுக்களத்தில் எத்தனை தலை நிற்கிறது என்பதில் துரையினும் கங்காணிக்கே கவலை மிகுதி.

1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் பிறந்தது. முதலாளிகள் அனைவரும் தாம் வேலை வாங்கும் ஆட்களுக்கு ஏற்ப அந்நிதிக்கு வரி செலுத்தினர். அந்நிதியிலிருந்து தொழிலாளருக்குக் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. இவ்வாறு வந்தவர் சட்டப்படி கட்டற்றவர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். தொழிலாளிக்கும் நெகிழ்வு உண்டு என்று சட்டநூல் சொல்லிற்று. ஆனால் குடியிருக்கும் லயமும், கடன் தரும் கடையும், பிள்ளை படிக்கும் பள்ளியும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. வேலையை விடுவது வீட்டை விடுவதும் ஆயிற்று.

விலை இறங்க ஆள் இறங்கினான்

1920களின் இறுதியில் அரசினர் நாட்கூலிக்கு ஓர் அளவு வகுத்தனர். போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அவ்வளவு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்ததும், 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. ஐந்திலொரு பங்கு ஒரே வெட்டில் போயிற்று.

கூலி குறைந்ததோடு நிற்கவில்லை. ஆள் மிகையாயிற்று என்று பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வரும்போது கப்பற் செலவு கொடுத்த அதே குடியேற்ற நிதிதான் போகும்போதும் கொடுத்தது. 1934இல் உலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்பாடு ஏற்பட்டு விலை தேறியது. அவ்வாண்டே உதவிப் பயணத்தில் ஆள் கொண்டுவருவதும் மீண்டும் தொடங்கிற்று. இதனினும் நெகிழ்வான தொழிற்சந்தையை எந்த நூலாசிரியரும் கற்பனை செய்யவும் இயலாது. சந்தையின் ஒரு முனை சிரம்பானில் இருந்தது. மறு முனை தமிழகத்துச் சிற்றூரில் இருந்தது. விலை இறங்கினால் பாரத்தைத் தாங்கியது தோட்டக் கணக்கு அன்று, அச்சிற்றூரின் அடுப்பு.

1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். பழைய 50, 40 காசுக் கூலியை மீட்டுத் தரவேண்டும் என்றும், கங்காணி வழி ஆள் சேர்ப்பதை நிறுத்தவேண்டும் என்றும் அவர் அறிக்கை கூறியது. 1937இல் கூலி மீண்டது. 1938இல் விலை தளரவே 45 காசு, 35 காசு என்று மறுபடியும் இறங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசு உதவிப் பயணக் குடியேற்றத்தைத் தடை செய்தது. கூலி இறங்கும்போதெல்லாம் ஆளை அனுப்பிவிட்டு, ஏறும்போது அழைத்துக்கொள்ளும் வழி அன்றோடு அடைபட்டது.

தோட்டத்தில் நின்றவர் இனி அங்கேயே நிற்கவேண்டியவர். நிற்பவருக்கே கேட்கும் துணிவு வரும். 1941இல் அண்டை மாநிலமாகிய சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. கேட்டது காசு மட்டும் அன்று என்பதை அந்தச் சைக்கிள் கோரிக்கை என்றும் நினைவூட்டும்.

சங்கம் கட்டிய காலம்

சப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்வேக்குக் கொண்டுபோகப்பட்டனர், மீண்டவர் குறைவு. போர் முடிந்தபின் தோட்டந்தோறும் சங்கங்கள் முளைத்தன. அவற்றுள் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் குறிப்பிடத்தக்கது. கேரளத்தில் பிறந்து இளமையிலேயே மலாயா வந்த பி. பி. நாராயணன் தம் தொழிற்சங்க வாழ்வை அங்கேதான் தொடங்கினார். 1948 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இடதுசாரிச் சங்கங்களின் கூட்டமைப்பு பதிவிழந்தது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949இல் தூக்கிலிடப்பட்டார். எஞ்சியவை, பேச்சு நடத்திப் பெறுவதைப் பெறும் வழியை மேற்கொண்ட சங்கங்களே. 1954இல் அவற்றுட் பல ஒன்றிணைந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. நாராயணன் அதன் பொதுச் செயலாளர் ஆனார். 1962இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1975 முதல் 1992 வரை சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்புக்கும் அவர் தலைவராயிருந்தார்.

சங்கமும் முதலாளிமார் அமைப்பும் செய்துகொண்ட உடன்பாடுகளில் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டது. விலை இத்தனை என்றால் கூலி இத்தனை என்று படிப்படியாக வகுத்தனர். முன்னரும் கூலி விலையோடு ஏறி இறங்கியது. வேறுபாடு யாதெனில், முன்னர் ஒருவர் விதித்தார். இப்போது இருவர் கூடி எழுதினர். நெகிழ்வுக்கு ஓர் அடித்தளம் இடப்பட்டது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இன்னும் கருதத்தக்கது. நாட்கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளேனும் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாவிடில் குறையும் நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. பெரட்டுக்களத்துக்கு வந்து வேலையில்லை என்று திரும்பிய தலைமுறைக்கு இது சிறிய வெற்றியன்று.

அடித்தளம் நழுவிய வகை

இவ்வளவும் தோட்டம் நேராக அமர்த்திய ஆளுக்கே உரியன. அந்த ஆள் குறைந்தால் சட்டம் ஏட்டில் நிற்கும், தோட்டத்தில் நிற்காது. பின்னர் நிகழ்ந்ததும் இதுவே.

1950களில் வெளிநாட்டார் விற்ற தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இந்நிலையைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். துண்டான தோட்டத்தில் லயமும் இல்லை, சங்கமும் இல்லை. இதற்கு மாற்றாகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்கச் செய்தார். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய பலர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினர்.

1967இல் தொழிலுறவுச் சட்டம் வந்தது. 1969க்குப் பின் வந்த திருத்தங்கள், ஆள் சேர்த்தல், பதவி உயர்த்துதல், இடம் மாற்றுதல், ஆட்குறைப்பு ஆகியவற்றைச் சங்கம் பேச்சுக்குக் கொண்டுவரலாகாது என்று விலக்கின. எவ்வளவு கூலி என்று சங்கம் கேட்கலாம். யாரை அமர்த்துவது, நேராக அமர்த்துவதா குத்தகைக்காரர் வழி அமர்த்துவதா என்று கேட்க முடியாது. அந்த இடைவெளியில் குத்தகை முறை நுழைந்தது. கூலி கொடாத குத்தகைக்காரனுக்காகத் தோட்டமும் மூன்று மாதக் கூலி வரை பொறுப்பேற்க வேண்டும் என்று வேலைச் சட்டம் கூறியது உண்மை. ஆனால் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று அலையும் ஆளுக்கு அந்தப் பிரிவை எடுத்துச் சொல்ல யார் இருந்தனர்? பால்மரத்தின் இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு ஏக்கருக்கு வேண்டிய ஆளும் குறைவு. 1984இல் இந்தோனேசியாவுடன் மேடான் உடன்பாடு ஏற்பட்டது; கடல் கடந்து ஆள் வரும் பழைய வழி வேறு திசையில் திறந்தது.

இதனால் மெலிந்தவற்றுள் தமிழ்ப்பள்ளியும் ஒன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. பள்ளி பிள்ளைகளால் நிற்கும். பிள்ளைகள் நிலையான குடும்பங்களால் நிற்பர். குடும்பம் நிலையான வேலையால் நிற்கும். வேலை நெகிழ்ந்தபோது இச்சங்கிலி முழுதும் நெகிழ்ந்தது. மாணவர் வருகைப் பதிவேடு மெலிந்த கதையைத் தோட்டப்பள்ளி ஆசிரியர் அறிந்த அளவு பொருளியலார் அறியார்.

மாதச் சம்பளமும் மறுமலர்ச்சிச் சட்டங்களும்

நாட்கூலியை மாதச் சம்பளமாக்க வேண்டும் என்பது சங்கத்தின் நெடுநாட் கோரிக்கை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது; மழைக்குத் தொழிலாளி பொறுப்பல்லன் என்பதே அதன் சாரம். 1990இல் இதற்காகப் பெரும் வேலைநிறுத்தமும் நடந்தது. நாடு முழுமைக்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025இல் அது 1,700 வெள்ளி ஆயிற்று.

தொழிலுறவுச் சட்டமும் திருத்தம் பெற்றது. வேலை நீக்கப்பட்டவர் வழக்கைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா இல்லையா என்பது முன்னர் அமைச்சரின் விருப்பமாக இருந்தது. 2021 முதல் தலைமை இயக்குநரே நேராக அனுப்புகிறார். 2024 செப்டம்பர் முதல், ஒரே வகைத் தொழிலார் மட்டுமே ஒரு சங்கத்தில் சேரலாம் என்ற பழைய வரையறையும் நீங்கியது. 1950களில் தோட்டத் தமிழர் இவற்றைப் பெற்றிருந்தால் எவ்வளவோ பயன் விளைந்திருக்கும். சட்டம் வந்து சேர்ந்தபோது அவர்தம் பேரப்பிள்ளைகள் நீலாய், செனவாங் தொழிற்சாலைகளுக்கும் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வேலைக்கும் சென்றுவிட்டனர். லாபுவிலும் செண்டாயானிலும் தோட்ட நிலங்கள் புதுநகரங்கள் ஆயின.

தோட்டத்தில் இன்று நிற்பவர் பெரும்பாலும் அயல்நாட்டார். 2020 திசம்பரில், கட்டாய உழைப்பு பற்றிய ஐயத்தால் அமெரிக்கா சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. நிறுவனம் சீர்திருத்தங்கள் செய்தபின் 2023இல் தடை நீங்கியது. அயல்நாட்டார் வேலைக்கு வருவதற்காகத் தரகருக்குக் கட்டிய பணம் அங்கே பேசப்பட்ட குறைகளுள் ஒன்று. கங்காணியிடம் பட்ட கடனை நினைப்போர்க்கு இது பழங்கதையாகத் தோன்றும். அந்நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. நெகிரி செம்பிலான் முதியோர்க்குக் கத்ரி என்பது பழகிய பெயரே.

2025இல் மலேசிய நாடாளுமன்றம் செயலி வழி வேலை செய்வோர்க்கென ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. காலையில் கைப்பேசியைத் திறந்து இன்று வேலை உண்டா என்று பார்க்கும் இளைஞனும், இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் நின்ற அவன் பாட்டனும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். அக்கேள்விக்கு மாதம் 24 நாள் என்று ஒருகாலத்தில் சட்டம் விடை எழுதியது. அவ்விடையைப் பெறத் தோட்டத் தமிழர் இரு தலைமுறை உழைத்தனர். நெகிழ்வு வேண்டும் என்போர் கேட்கட்டும். விலை இறங்கும் நாளில் பாரத்தை யார் தாங்குவது என்பதையும் அதனோடு சேர்த்து எழுதட்டும். எழுதாத இடத்தில் அது எப்போதும் மெலிந்த தோளிலேயே ஏறியது என்பது நெகிரி செம்பிலான் தோட்டங்கள் தரும் பாடம்.