பன்னிரண்டு நிமிஷக் கல்யாணமும், ஸ்டில் கேமராவில் வீடியோ வந்த கதையும்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவிக்கொண்டிருந்தபோது தங்கச்சி கல்யாண ஃபோல்டர் கண்ணில் பட்டது. 2011, மதுரை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் கடன் வாங்கி ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கியிருந்தேன். முழு ஹெச்டி வீடியோ எடுக்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது. (எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. தப்பு கேமரா மேல் இல்லை, மேனுவலைப் படிக்காத என் மேல்.) "எதுக்குப்பா தனியா ஒரு வீடியோக்காரர்? அவங்ககிட்ட இருக்கறதைவிட நம்ம கேமரா ஒசத்தி. நான் பாத்துக்கறேன்" என்று அப்பாவிடம் வசனம் பேசி, ஏற்கனவே பேசி வைத்திருந்தவரை வேண்டாம் என்று சொல்லவும் வைத்துவிட்டேன்.

முகூர்த்த நேரம். முக்காலியைப் போட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்தியாச்சு. தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். திரையில் பார்த்தால் அப்படியே சினிமா மாதிரி, பின்னணி எல்லாம் கரைந்து, தங்கச்சி முகம் மட்டும் பளிச்சென்று. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல். அந்த நொடியில் கேமரா தானாக நின்றுவிட்டது.

பதறிப்போய் ஏதோ பட்டனை அழுத்த, அது மெனுவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே வருவதற்குள் மூணு முடிச்சும் முடிந்து, அட்சதை என் தலையிலும் விழுந்தாச்சு. ஃபைலின் நீளம் சரியாகப் பன்னிரண்டு நிமிஷச் சொச்சம்.

அப்பா திட்டவில்லை. "சரி விடுடா, கல்யாணம் நடந்துச்சுல்ல" என்றார். திட்டியிருந்தாலே பரவாயில்லை.

ஏன் நின்றது என்று அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தவன்தான், இன்றைக்கு வரைக்கும் இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஸ்டில் கேமராவுக்குள் வீடியோ வந்தது புது விஷயம் இல்லை. 1995-லேயே ரிக்கோ கம்பெனியின் ஆர்டிசி-1 என்கிற டிஜிட்டல் கேமரா, சத்தத்தோடு அசையும் படம் எடுத்தது. அதற்கப்புறம் வந்த பாக்கெட் கேமராக்களில் எல்லாம் வீடியோ ஒரு ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருந்தது. 320க்கு 240 புள்ளிகள், நொடிக்கு 15 படம், அவ்வளவுதான். மோஷன் ஜேபெக் என்பார்கள். அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி போட்டோவாகச் சுருக்கி வரிசையாக அடுக்கிவிடுவது. வீடியோ ஓடும்போது ஜூம் பண்ண முடியாத கேமராக்கள் நிறைய. ஜூம் மோட்டார் சத்தம் மைக்கில் விழும் என்று கம்பெனிக்காரர்களே பூட்டி வைத்தார்கள்.

பெரிய கேமராவான எஸ்எல்ஆரில் அதுகூடக் கிடையாது. காரணம் எளிமையானது. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி நிற்கிறது. அது வெளிச்சத்தை மேலே உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. கிளிக் பண்ணும் அந்தக் கணத்தில் மட்டும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், அப்போதுதான் சென்சார் உலகத்தைப் பார்க்கும். கண்ணாடியைத் தூக்கியபடியே வைத்து, சென்சார் பார்ப்பதைத் தொடர்ந்து பின்பக்கத் திரையில் காட்டும் 'லைவ் வியூ' 2006-ல் ஒலிம்பஸ் இ-330-ல் வந்தது. 2007-ல் கேனன், நிக்கான் ரெண்டு பேரும் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். திரையில் ஓடும் படத்தைக் கார்டில் எழுதினால் அதுதான் வீடியோ. கதவு பாதி திறந்தாச்சு.

2008 ஆகஸ்ட்டில் நிக்கான் டி90. வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர். 1280க்கு 720, நொடிக்கு 24 படம், அதிகபட்சம் அஞ்சு நிமிஷம். ஓடும்போது ஆட்டோஃபோகஸ் கிடையாது. மூணே வாரம், செப்டம்பரில் கேனன் 5டி மார்க் 2 வந்தது. 1920க்கு 1080, நொடிக்கு 30 படம். முக்கியமான விஷயம், அதன் சென்சார் பழைய 35 மி.மீ. போட்டோ ஃபிலிம் அளவு, 36க்கு 24 மி.மீ. சினிமா ஃபிலிமின் ஒரு ஃப்ரேமைவிடவே பெரிது! அதனால்தான் பின்னணி கரைந்துபோகும் அந்தச் சினிமாத்தனம். அன்றைய கேம்கார்டர்களின் சென்சார் இதன் பக்கத்தில் வைத்தால் சுண்டுவிரல் நகம்.

வின்சென்ட் லஃபோரே என்கிற பத்திரிகைப் புகைப்படக்காரர், விற்பனைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கேமராவை ஒரு வாரக்கடைசிக்கு வாங்கி, நியூயார்க்கில் 'ரெவெரி' என்று ஒரு குறும்படம் எடுத்தார். ராத்திரி வெளிச்சத்தில், கையளவு கேமராவில் எடுத்தது. அதைப் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேனன் இதைச் சினிமாவுக்காகச் செய்யவே இல்லை. பத்திரிகை, செய்தி நிறுவனப் போட்டோக்காரர்கள் இணையத்துக்குக் கொஞ்சம் வீடியோவும் அனுப்பட்டுமே என்கிற எண்ணம்தான். அதனால் வீடியோவில் வெளிச்சம், ஷட்டர் எதையும் கையால் வைக்க முடியாது, எல்லாம் தானியங்கி. நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸை அடாப்டர் போட்டுக் கேனன் உடம்பில் மாட்டினார்கள். ட்ரம்மல் ஹட்சன் என்பவர் 2009-ல் 'மேஜிக் லான்டர்ன்' என்று ஒரு மென்பொருள் எழுதி, கம்பெனி தராத வசதிகளை உள்ளே நுழைத்தார். 2009 ஜூனில் கேனனே கையால் கட்டுப்படுத்தும் வசதியைத் தந்தது. சினிமாவின் 24 ஃப்ரேம், 2010 மார்ச்சில் வந்தது. அதே வருஷம் மே மாதம் 'ஹவுஸ்' என்கிற அமெரிக்கத் தொடரின் ஆறாவது சீசன் கடைசி எபிசோட் முழுக்க இந்தக் கேமராவில் எடுத்து ஒளிபரப்பானது. நம்ம ஊரில் 2012-ல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன் டிஜிட்டல் ஸ்டில் கேமராவில் எடுத்தது பலருக்கும் நினைவிருக்கும்.

சரி, தரம் நிஜமாகவே அவ்வளவு நல்லா இருந்ததா? இங்கேதான் சண்டை.

5டி மார்க் 2-ன் சென்சாரில் 21 மெகாபிக்சல். முழு ஹெச்டிக்கு வேண்டியதோ 2 மெகாபிக்சல்தான். நொடிக்கு 30 தடவை 21 மெகாபிக்சலையும் படித்துச் சுருக்கும் தெம்பு அன்றைய சிப்புகளுக்கு இல்லை. அதனால் வரி தாண்டித் தாண்டிப் படித்தார்கள். விளைவு? பட்டுப்புடவைச் சரிகை, ஓட்டு வீட்டுக் கூரை, கட்டம் போட்ட சட்டை என்று நெருக்கமான கோடு எங்கே வந்தாலும் அதன் மேல் வானவில் அலை ஒன்று நெளியும். என் தங்கச்சியின் கூரைப்புடவை அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் டிஸ்கோ லைட் மாதிரி மின்னுகிறது. புடவை எடுத்த அத்தைக்கு இன்னமும் கோபம் :-)

அடுத்தது, சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வரும் கோணல். ஓடுகிற ரயில் ஜன்னலிலிருந்து எடுத்தால் நேராக நிற்கும் மின்கம்பம் சாய்ந்து தெரியும். கேமராவை வேகமாகத் திருப்பினால் கட்டடம் ஜெல்லி மாதிரி ஆடும். தவில்காரர் கையை எடுத்துப் பாருங்கள், வளைந்த ரப்பர்.

அதனால்தான், மெகாபிக்சலை மட்டும் பார்த்து வீடியோவை எடை போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 2014-ல் சோனி ஏ7எஸ் வந்தபோது அதில் வெறும் 12 மெகாபிக்சல். "என்னடா இது, பின்னாடி போறாங்க" என்றார்கள். வரி தாண்டாமல் முழு சென்சாரையும் படிப்பதற்காகவும், ஒவ்வொரு புள்ளியும் பெரிதாக இருந்து இருட்டிலும் வெளிச்சம் வாங்குவதற்காகவும் செய்தது அது. நிறமும் அப்படித்தான். 8-பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட் என்றால் 1024. சாயங்கால வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் படிகள்தான், 4கே என்கிற ஸ்டிக்கர் இல்லை. 2017-ல் பானசோனிக் ஜிஹெச்5, 4கே வீடியோவையே 10-பிட்டில் கேமராவுக்குள் பதிவு செய்தது.

இன்னொரு கட்சியும் உண்டு. "போட்டோ எடுக்கிற கேமராவில் வீடியோ எதுக்கு? அந்தக் காசைக் குறைச்சுக் குடுங்கய்யா" என்கிற கட்சி. நானே ரொம்ப நாள் அதில் இருந்தவன். அவர்களுக்காகவே நிக்கான் 2013-ல் வீடியோவே இல்லாத டிஎஃப் கேமராவை விட்டது. விலை குறையவில்லை! லைக்கா, எம் வரிசையில் 2012-ல் கொண்டுவந்த வீடியோவை 2017-ன் எம்10-ல் எடுத்தே விட்டது. விலையா? அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. லைவ் வியூவுக்குத் தேவையான சென்சாரும் சிப்பும் இருக்கும்போது, வீடியோவை எடுத்துவிட்டால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது என் பன்னிரண்டு நிமிஷத்துக்கு வருகிறேன். அந்தக் காலக் கேமராக்கள் நடுவில் நிற்க மூணு காரணம்.

ஒன்று, கார்டு. ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அன்றைய முழு ஹெச்டி வேகத்துக்கு அது சுமார் பன்னிரண்டு நிமிஷம். என்னைக் கவிழ்த்தது இதுதான். பிற்பாடு ஃபைலைத் தானே பிரித்துத் தொடர்ந்து எழுதும் கேமராக்கள் வந்தன. எக்ஸ்ஃபேட் வந்தபின் அந்தத் தடையும் போனது.

ரெண்டு, வரி. 29 நிமிஷம் 59 நொடியில் நிற்கும் கேமராக்களைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், 800க்கு 600 அல்லது அதற்கு மேல், நொடிக்கு 23 ஃப்ரேம் அல்லது அதற்கு மேல், தொடர்ந்து அரை மணி நேரம் பதிவு செய்தால் அது வீடியோ கேமரா, அதற்குச் சுங்க வரி உண்டு. ஒரு நொடி குறைந்தால் ஸ்டில் கேமரா, வரி இல்லை. அங்கே வரி மிச்சம் பிடிக்கப் போட்ட பூட்டு, உலகம் முழுக்க விற்ற கேமராக்களிலும் தொங்கியது. 2015-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தம் விரிவானபின் அந்த வரி படிப்படியாகப் போக, பூட்டும் கழன்றது.

மூணு, சூடு. இதற்குச் சட்டமும் கிடையாது, ஃபைலும் கிடையாது, இயற்பியல்தான். 2020-ல் 8கே எடுக்கும் கேனன் ஆர்5 வந்தபோது, 8கேயில் சுமார் 20 நிமிஷம்தான், அப்புறம் ஆறவிட வேண்டும் என்று கம்பெனியே சொன்னது. 2022-ல் மின்விசிறி வைத்த ஆர்5 சி வந்தது.

இன்றைக்கு நிலைமையே வேறு. 2023-ல் வந்த 'தி கிரியேட்டர்' என்கிற ஹாலிவுட் படம் சோனி எஃப்எக்ஸ்3 என்கிற கையடக்கக் கேமராவில் எடுக்கப்பட்டது. 2022-ல் ரெட் என்கிற சினிமா கேமரா கம்பெனி நிக்கான் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. 2023-ல் வழக்கு முடிந்தது. 2024-ல் நிக்கான் அந்த ரெட் கம்பெனியையே வாங்கிவிட்டது! அஞ்சு நிமிஷ டி90-ல் ஆரம்பித்தவர்கள்.

கடைசியாக, அந்த ஃபோல்டரில் இருந்த இன்னொரு ஃபைல். சின்ன மாமா கொடுத்தது. 2003-ல் வாங்கிய பாக்கெட் கேமராவை அவர் கல்யாணத்துக்குக் கொண்டுவந்திருந்தார். 320க்கு 240, நொடிக்கு 15 படம், 47 நொடி. என் கேமராவின் ஒரு ஃப்ரேமில் இருந்த புள்ளிகள் இதைப்போல 27 மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் அந்த 47 நொடிக்குள்தான் கெட்டிமேளம் இருக்கிறது, மூணு முடிச்சு இருக்கிறது, அம்மா கண்ணைத் துடைப்பது இருக்கிறது. நடுவில் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து எதையோ நோண்டிக்கொண்டு நிற்கிறான். "டேய், நகருடா, தாலி கட்டுறது தெரியல!" என்று பெரியப்பா கத்துவது மேளத்தையும் மீறித் தெளிவாகக் கேட்கிறது.

தங்கச்சி மகளுக்குப் பதினொரு வயசு. போன வாரம் ரெண்டு ஃபைலையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். என்னுடையதை ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். மாமாவுடையதை நாலு தடவை பார்த்தாள்.

"மாமா, நீ ஏன் நடுவுல நிக்கிற?"

மேலே சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். ஃபேட்32 வரைக்கும்கூட வரவில்லை, எழுந்து போய்விட்டாள்.

டிஸ்கி: கேமரா வாங்குகிறவர்களுக்கு ஒரே அறிவுரை. மேனுவலைப் படியுங்கள். வீட்டு விசேஷத்துக்கு வீடியோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.