அலவாங்கு முன்னே, சறுக்குவண்டி பின்னே

தை, மாசி மாதங்களில் 404 நெடுஞ்சாலையில் வடக்கே போனவர்கள் கவனித்திருப்பீர்கள். முன்னால் போகும் வாகனத்தின் பின்தட்டில் கறுப்புத் தொட்டி போல ஒரு சறுக்குவண்டி இருக்கும். அதற்குள் வாளிகள், மடித்த கூடாரம், ஆளுயரத்துக்கு ஒரு திருகு துளைப்பான். எல்லாம் சிம்கோ ஏரிக்குப் போகிற சாமான்கள். எத்தனையோ வருடம் ஸ்காபரோவில் இருந்தும் அந்த ஏரியை நான் கோடையில் மட்டுமே பார்த்திருந்தேன். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு அதன் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பது வேலையற்றவர்களின் வேலை என்பதுதான் என் எண்ணம். வள்ளமும் கட்டுமரமும் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் அடுத்த வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எழுபதைத் தாண்டிய மனிதர். சிறுவயதிலிருந்தே அந்த ஏரியில் மீன் பிடித்தவர். கரையில் வாகனத்தை நிறுத்திவிட்டு, சாமான்களைச் சறுக்குவண்டியில் ஏற்றச் சொன்னார். களஞ்சிய வேலை செய்தவன் அல்லவா, பாரமானது அடியில், பாரமில்லாதது மேலே என்று ஒழுங்காக அடுக்கினேன். எங்கள் ஊர் அலவாங்கு மாதிரியே, நுனி உளிபோலத் தட்டையான ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதைத்தான் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அடுக்கியது எல்லாவற்றையும் இறக்கி, அந்தக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது வண்டியில் போகிற சாமான் இல்லை" என்றார்.

அன்றைக்கு ரோசமாகத்தான் இருந்தது. பிறகு இந்த மீன்பிடியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், எது கையில், எது வண்டியில் என்ற கேள்வியிலேயே அதன் பெரும்பகுதி அடங்கியிருப்பது விளங்கியது.

முதலில் வடக்கே போவோம். இனுவிட் மக்களின் சறுக்குவண்டிக்குப் பெயர் கமுட்டிக். இரண்டு நீண்ட அடிச்சட்டங்கள், அவற்றின் குறுக்கே பலகைகள். ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றாலும் தோல்வாராலும் கட்டியது. கட்டு இளகிக் கொடுக்கும் என்பதால் மேடுபள்ளமான ஐஸில் வண்டி நெளிந்து போகும், உடையாது. நம் கட்டுமரத்தின் சூத்திரமும் இதுதானே. மரமே கிடைக்காத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னை வியக்க வைத்தது. நெட்சிலிக் என்ற பிரிவினர், பிடித்த மீன்களை வரிசையாக வைத்து, ஈரத் தோலில் இறுக்கிச் சுருட்டி, உறைய விட்டு, அதையே வண்டியின் அடிச்சட்டமாக்கினார்கள். குறுக்குக் கட்டைக்கு மான்கொம்பு. குளிர்காலம் முழுவதும் அந்த மீன் வண்டியில் சாமான் ஏற்றிப் போவார்கள். வசந்தத்தில் அது இளகத் தொடங்கியதும் பிரித்து மீனைத் தாங்கள் தின்று, தோலை நாய்களுக்குப் போடுவார்கள். பாரம் சுமக்கிற வண்டியே கட்டுச்சோறு!

அவர்களின் மீன்பிடிச் சாமான்களோ மிகக் குறைவு. ஐஸை உடைக்க நீண்ட பிடியுள்ள உளி, ஓட்டையில் சேரும் ஐஸ் துண்டுகளை அள்ள ஓர் அகப்பை, மீனை ஈர்க்க எலும்பிலோ தந்தத்திலோ செதுக்கிய சிறு பொம்மை மீன், குத்த மூன்று முனையுள்ள காக்கிவக் என்ற ஈட்டி. நடக்கும்போது உளியால் ஐஸைத் தட்டிப் பார்ப்பதும், இடம் வந்ததும் அதே உளியால் ஓட்டை போடுவதும் ஒரே கருவிதான். ஆகவே அது எப்போதும் கையில் இருந்தது.

இனி நமக்குப் பக்கத்திலேயே வருவோம். சிம்கோ ஏரிக்கும் ஜோர்ஜியன் குடாவுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வென்டாட் மக்கள் வாழ்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர் அவர்களை ஹூரோன் என்று அழைத்தனர். 1615 இல் சம்பிளேன் அங்கே வந்து ஒரு குளிர்காலம் முழுவதும் அவர்களோடு தங்கினார். சிம்கோ ஏரி வடக்கே கூச்சிசிங் ஏரியோடு சேரும் ஒடுங்கிய நீர்வழியில் தடிகளை நட்டு மீனை மறித்துப் பிடிப்பதை அவர் கண்டு எழுதினார். மிஞ்சிகனிங் மீன் அணை என்ற அந்த இடத்துத் தடிகளில் பழையவற்றின் வயது நாலாயிரம் ஆண்டுக்கு மேல் என்று ஆய்வாளர் கணித்திருக்கிறார்கள். பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் கடலில் நட்ட தடிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குளிர்காலத்தில் ஐஸுக்கு அடியில் வலை போடுவதையும் சம்பிளேன் விவரித்திருக்கிறார். வரிசையாகப் பல சிறு ஓட்டைகள், இழுத்தெடுக்கும் இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலான தடியில் வலையின் கயிற்றைக் கட்டி, ஐஸுக்குக் கீழே ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்குத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோவார்கள். துணியில் ஊசி கோர்ப்பதைப் போன்ற வேலை. கல் கட்டிய வலை தாழ்ந்து நிற்கும். பிறகு பெரிய ஓட்டையால் இழுப்பார்கள். நினைத்துப் பாருங்கள்: வலை, தடி, கயிறு, கல், ஓட்டை போடும் கருவி அத்தனையும் மனித உடம்பால் இழுத்து வரப்பட்டவை. இங்குள்ள பூர்வீக மக்கள் மெல்லிய பலகையை முன்பக்கம் வளைத்துச் செய்த ரொபோகன், சட்டமில்லாத சறுக்குவண்டி. இன்று பிள்ளைகள் மேட்டிலிருந்து சறுக்கி விளையாடுகிறார்களே, அதுதான். பெயரும் அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததுதான்.

கடல் தெரிந்தவனுக்கு ஏரி தெரிந்துவிடாது என்பதற்கு ஐஸ்லாந்துக்காரரின் கதை ஒன்று போதும். 1875 ஐப்பசியில் அவர்களில் ஒரு கூட்டம் மனிற்றோபாவில் வினிப்பெக் ஏரிக்கரையில், இன்றைய கிம்லி ஊருக்குப் பக்கத்தில் வந்திறங்கியது. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தவர்கள். ஆனால் கொண்டுவந்த வலையின் கண் இந்த ஏரி மீனுக்குப் பெரிது. ஐஸுக்கு அடியில் வலை விடும் பழக்கமும் இல்லை. முதல் குளிர்காலத்தில் பட்டினியும் நோயும் கண்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் அம்மை நோய் பரவி அவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த பூர்வீகக் குடிகளையும் அதே நோய் அழித்தது. தப்பியவர்கள் ஐஸில் மீன்பிடிக்கப் பழகி, அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். புதிதாக வந்த நாட்டில் நம் கைத்தொழில் செல்லாமல் போவது எப்படியிருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். அதனால்தான் இந்த இடத்தில் சற்று நின்றேன்.

அந்த ஏரி சிம்கோவைப் போல முப்பது மடங்குக்கு மேல் பெரியது. கரையிலிருந்து பல மைல் உள்ளே போய்த் தங்க வேண்டும். அடுப்பு பூட்டிய சிறு மரவீட்டைச் சறுக்குச் சட்டத்தில் ஏற்றிக் குதிரைகளால் இழுத்துப் போனார்கள். ஓட்டைக்கு ஓட்டை தடி தள்ளும் வேலையைப் பிற்காலத்தில் 'ஜிகர்' என்ற பலகை ஏற்றுக்கொண்டது. ஐஸின் அடிப்பக்கத்தில் ஒட்டி மிதக்கும் அந்தப் பலகையில் ஓர் இரும்புக் கை உண்டு. மேலேயிருந்து கயிற்றைச் சுண்டச் சுண்ட, அந்தக் கை ஐஸை உதைத்துப் பலகையை முன்னே நகர்த்தும். இன்னொருவர் ஐஸின் மேலே காது கொடுத்தபடி அது போகும் வழியே நடந்து, நின்ற இடத்தில் ஓட்டை போட்டு எடுப்பார். இடையில் இருந்த ஓட்டைகளின் வேலை அத்தனையும் மிச்சம்.

பிறகு இயந்திரம் வந்தது. கியூபெக்கின் வல்கூர் ஊரில் பொம்பார்டியே என்ற மெக்கானிக், பனியில் ஓடும் வண்டி செய்யப் பல வருடம் முயன்றுகொண்டிருந்தார். 1934 இல் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றபோது வீதியெல்லாம் பனி மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துபோனது. மூன்று வருடத்தில் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டிக்குக் காப்புரிமை எடுத்தார். பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய, வட்ட யன்னல் வைத்த பி12 வண்டியை வினிப்பெக் ஏரி மீனவர் வாங்கி, இருக்கைகளைக் கழற்றி மீன்பெட்டி ஏற்றினார்கள். 1959 இல் சிறிய ஸ்கி-டூ வந்தது. நாய்வண்டிக்கு மாற்று என்பதால் ஸ்கி-டோக் என்று பெயர் வைக்கத்தான் முதலில் எண்ணியிருந்தார்களாம். அதோடு ஐஸுக்குச் சாமான் கொண்டுபோவதில் உடல் வலு என்ற எல்லை இல்லாமல் போயிற்று. பெற்றோல் துளைப்பான், வாயு அடுப்பு, மீனைக் காட்டும் திரை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 1980 வாக்கில் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஜென்ஸ் என்பவர், சறுக்குவண்டியின் மேலேயே விரித்து மூடக்கூடிய கூடாரத்தைச் செய்தார். இழுத்துப் போகும் வண்டியே நிலம், அதுவே வீடு. 404 இல் நாம் பார்க்கும் கறுப்புத் தொட்டிகளில் பல அதன் வாரிசுகள்தான்.

வசதிகளைக் குறை சொல்ல நான் யார்? முழங்கால் வலிக்காரனுக்கு இயந்திரம் வரம். ஆனால் துளைப்பான் வந்ததும் ஓட்டை போடும் வேலை உளியிடமிருந்து போய்விட்டது. ஓட்டை போடாத உளியை ஏன் கையில் சுமப்பான் என்று அதை அடியில் வைத்துவிட்டார்கள், நான் வைத்தது போலவே. அதனோடு, நடக்கும்போது தட்டிப் பார்ப்பதும் போயிற்று. கால்நடையாக வருகிறவனுக்கு ஐஸ் அடிக்கொரு தரம் தன் நிலைமையைச் சொல்லும். வண்டியில் வருகிறவனுக்குச் சொல்லாது.

2009 பெப்ரவரி 7 ஆம் திகதி, ஒஹாயோ பக்கத்து ஈரி ஏரியில் நடந்ததைச் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். கரைக்கும் வெளி ஐஸுக்கும் இடையில் ஒரு வெடிப்பு இருந்தது. மரத்தட்டுகளைப் பாலம் போலப் போட்டு வண்டிகளோடும் சாமான்களோடும் அதைத் தாண்டிப் போனார்கள். காற்று மாறியதும் வெளி ஐஸ் விலகியது, பாலம் தண்ணீரில் விழுந்தது. 130 பேருக்கு மேல் நடு ஏரியில் அகப்பட்டு, ஹெலிகொப்டராலும் படகாலும் மீட்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். வெடிப்பைக் கண்டும் அதற்குப் பாலம் போட்டிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

என் அயலவர் அன்று சாமானைத் திரும்ப அடுக்கிய விதத்தைச் சொல்கிறேன். அடியில் கூடாரம், இருக்கைக்கும் மீன் போடவும் உதவும் வாளிகள், முழங்கை நீளத்தைவிடச் சற்றுக் கூடிய சிறு தூண்டில் தடிகள். துளைப்பான் பக்கவாட்டில், அலகுக்கு உறை போட்டு. எண்ணெய்ச் சட்டிக் கண்ணகப்பை போன்ற ஐஸ் அள்ளி. இவற்றுக்கு மேலே மாற்று உடுப்பு உள்ள தண்ணீர் புகாத பை. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டாமல், எறிகயிறு. கழுத்தில் இரண்டு கூர் ஆணிப்பிடிகள். விழுந்தால் ஐஸின் விளிம்பில் குத்தி ஏற அவைதான் கை. எனக்கும் ஒரு சோடி மாட்டிவிட்டார். வண்டியின் இழுகயிற்றை மூன்று மடங்கு நீளமாக்கினார். ஆளின் பாரமும் சாமானின் பாரமும் ஒரே இடத்தில் விழக்கூடாதாம். தெளிந்த, நீலமான புது ஐஸ் நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம், வெள்ளை ஐஸ் என்றால் அதன் பலத்தைப் பாதியாகக் கணக்குப் போடு என்றார். பிறகு அலவாங்கால் இரண்டு அடிக்கு ஒரு குத்துக் குத்தியபடி முன்னே நடந்தார். நான் தள்ளிப் பின்னே வண்டியை இழுத்தேன். 'டங்' என்ற கனத்த சத்தம் வரும் வரைக்கும் நடை. ஓரிடத்தில் சத்தம் மாறியது. ஒன்றும் பேசாமல் கையைக் காட்டி இடப்பக்கம் திரும்பினார்.

மாலையில் நாலு பேர்ச் மீன்களோடு திரும்பினோம். காலையில் வந்த அதே வழி, எங்கள் கால்தடம் தெரிகிறது, ஆனாலும் குத்திக்கொண்டேதான் வந்தார்.

ஒன்ராறியோவில் 65 வயதைக் கடந்த கனேடியவாசிகளுக்குத் தனியாக மீன்பிடி அனுமதி அட்டை தேவையில்லை, அரசாங்க அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும் என்பதை நம்மில் பலர் அறியார்கள். மற்ற விதிகள் எல்லாம் நமக்கும் உண்டு.

அடுத்த வீட்டுக்காரர் இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். போகும்போது சறுக்குவண்டியையும் அலவாங்கையும் என்னிடம் விட்டுப்போனார். கனடா பதிவு செய்தவற்றிலேயே வெப்பம் கூடிய 2023-24 குளிர்காலத்தில் வண்டி கராஜ் சுவரிலிருந்து இறங்கவேயில்லை. அலவாங்கு மட்டும், வாசற்படியில் உறைந்த ஐஸை உடைக்க இரண்டு தரம் வெளியே வந்தது.