தனுஷ்கோடி

தனுஷ்கோடி, ராமநாதபுரம் மாவட்டத்தில் ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையில் இருந்த ரயில்நிலைய, துறைமுக ஊர். 1914 முதல் 1964 வரை இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் செல்லும் முக்கியமான பயணவழி இவ்வூரைக் கடந்து சென்றது. 1964 புயலில் அழிந்தது.

பெயர்

தனுஷ் என்றால் வில். கோடி என்றால் நுனி. இலங்கையிலிருந்து திரும்பிய ராமன், விபீஷணன் வேண்டியதற்கு இணங்கித் தன் வில்லின் நுனியால் சேதுவை உடைத்த இடம் இது என்பது தொன்மம். தமிழில் தெருக்கோடி, கோடியக்கரை என்னும் சொற்களில் உள்ளதுபோலக் கோடி என்பது கடைசி முனையையும் குறிக்கும். வடக்கே பாக் நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே ஒடுங்கிச் சென்று முடியும் மணல்திட்டுக்கு அப்பொருளும் பொருந்துகிறது. மீனவர்கள் அலை குறைந்த வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். ராமேஸ்வரம் வரும் பக்தர்கள் இரு கடலும் சேரும் இடத்தில் சேது நீராடுவது நெடுங்கால வழக்கம்.

ரயிலும் கப்பலும்

முன்பு சென்னையிலிருந்து கொழும்பு செல்பவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கப்பல் ஏறினர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல்தொலைவு சுமார் 35 கிலோமீட்டர் மட்டுமே. சேதுவின் மணல்திட்டுகள் வழியாகவே ரயில்பாதை அமைக்கும் திட்டம் ஆராயப்பட்டு, செலவு கருதிக் கைவிடப்பட்டது. பதிலாக ரயிலையும் நீராவிக் கப்பலையும் இணைக்க முடிவாயிற்று. பிப்ரவரி 24, 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இலங்கையில் தலைமன்னார் பாதையும் அதே ஆண்டில் தொடங்கியது.

சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது. கப்பலுடன் இணைந்து ஓடியதால் அந்த ரயில் போட் மெயில் எனப்பட்டது. தொடக்கத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் ஆகிய கப்பல்களும் பின்னர் இர்வின், கோஷன் ஆகியவையும் ஓடின.

ஊரின் வளர்ச்சி

ரயில்நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், கடைகள் ஆகியவை உருவாயின. துணியும் கருவாடும் இலங்கைக்கு ஏற்றுமதியாயின. மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, பின் இவ்வூர் வழியாகக் கப்பலேறினர். அவர்களில் பலருக்குத் தாய்நாட்டின் கடைசிக் காட்சி தனுஷ்கோடியே.

அழிவு

டிசம்பர் 22, 1964 நள்ளிரவையொட்டி பாம்பனிலிருந்து வந்த 653-ம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது புயல் அலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊரும் அழிந்தது. அரசு தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது.

பாம்பன் பாலம் 1965-ல் விரைவாகச் சீரமைக்கப்பட்டு ராமேஸ்வரம் வரை ரயில் ஓடியது. தனுஷ்கோடி பாதை மீண்டும் போடப்படவில்லை. தலைமன்னார் கப்பல் 1984 வரை ராமேஸ்வரத்திலிருந்து சென்றது. புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள், தங்கள் முன்னோர் கப்பலேறிய ஊரில் அல்லாமல் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினர்.

இன்று

தேவாலயம், ரயில்நிலையம் ஆகியவற்றின் இடிந்த சுவர்கள் எஞ்சியுள்ளன. மீனவக் குடும்பங்கள் சில குடிசைகளில் வாழ்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. கப்பல் நின்றுபோன பின்னரும் சென்னை - ராமேஸ்வரம் ரயில் ஒன்று போட் மெயில் என்றே அழைக்கப்படுகிறது.