உறைவித்த புரதப் பளிங்குகள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நுவரெலியாத் தோட்டங்களில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. இலையிலுள்ள நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைச் சிதைக்க, வெயிலேறியதும் கொழுந்து கருகிவிடுகின்றது. கொழுந்து குறைந்தால் வருவாய் குறையும் என்பதைத் தொழிலாளர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நீர் உறைவதால் நேரும் இதே அழிவு, முற்றிலும் வேறானதொரு துறையில், புரத ஆராய்ச்சியாளரையும் நெடுங்காலம் தடுத்து நின்றது.

பளிங்கினூடே எக்ஸ் கதிர் செல்கையில் அணுவடுக்குகளிற் பட்டுக் கோணி, புள்ளிக் கோலமொன்றைத் தோற்றுவிக்கும். அதிலிருந்தே மூலக்கூறின் அமைப்பு உய்த்தறியப்படுகின்றது. புரதப் பளிங்கிலோ ஏறக்குறையப் பாதி நீர். 1934இல் கேம்பிரிட்ஜில் பேர்னலும் டொறதி குறோபுட்டும் பெப்சின் பளிங்கை உலரவிடாது, அது விளைந்த திரவத்தோடேயே வைத்துப் படம்பிடித்தபோதுதான் தெளிவான புள்ளிகள் கிடைத்தன. ஆயின், கோலத்தைக் காட்டும் கதிரே பளிங்கை அழிக்கவும் செய்தது. குளிர்வித்தால் அழிவு தாமதிக்கும். குளிர்வித்தாலோ நீர் பனிக்கட்டியாகி ஒழுங்கைக் குலைக்கும். துறையின் வளர்ச்சியை உந்தியது இம்முரண்பாடே என்பது எமது கருத்து.

1970இல் ஹாஸ், றொஸ்மன் ஆகியோர் பளிங்கைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து -75 பாகை செல்சியசில் ஆய்ந்தனர், சேதம் மெதுவாயிற்று. எண்ணெய் பூசிப் புறநீரை அகற்றி, நொடியிற் குளிர்விக்கும் முறையை ஹாக்கொன் ஹோப் 1988இல் விரித்துரைத்தார். விரைந்து குளிரும் நீர் பனிக்கட்டியாகாது கண்ணாடிபோல் இறுகிவிடுகின்றது. கதிர் பட்ட மாத்திரத்தே சிதைந்துகொண்டிருந்த ரைபோசோம் பளிங்குகளை அடா யோனத் ஹோப்புடன் இணைந்து காப்பாற்றியதும் இவ்வழியாலேயே.

2009இல் யோனத், ஸ்டைற்ஸ் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் சிதம்பரத்திற் பிறந்தவர் என்பதில் நாம் பெருமை கொள்கின்றோம், தவறில்லை. ஆனால் அவர் பிறந்த ஊரோடு கதையை முடிப்பது, இலங்கைத் தேயிலையின் வரலாற்றை 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரோடு முடிப்பதை ஒத்தது. மலையை வெட்டித் திருத்திய கைகள் அதில் இல்லை.

பரிசுக் கதைகளில் இடம்பெறாத படியொன்றைக் குறிப்பிடலாம். உறைவித்த பளிங்கு பலவேளை சிறு துண்டங்களாய்ச் சற்றே திசைமாறி, புள்ளிகளும் பரந்து மங்கிவிடும். பளிங்கு பாழென்று எறிவதே வழக்கம். 1998இல் ஹார்ப், ரிம், பியூனிக் ஆகியோர் அத்தகைய பளிங்கை எடுத்து, காப்புத் திரவத்தில் மூன்று நிமிடம் இளகவிட்டு, மீண்டும் உறைவித்தனர். புள்ளிகள் கூர்மையடைந்தன. எல்லாப் பளிங்குக்கும் இது பலிப்பதில்லை. சிலவற்றுக்கு உறைவிக்குமுன் நீரைச் சிறிது குறைப்பதே உதவுகின்றது. எதற்கு எவ்வளவு என்பதை இன்றும் ஒவ்வொன்றாய்ச் செய்துபார்த்தே அறிகின்றனர்.